பழைய ஃபைலையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ரத்தப் புற்றுநோய் வந்து குணமானவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கலாம். அவர்களுக்காக ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ரத்தப் புற்றுநோய் எலும்பு மஜ்ஜையில் தொடங்குகிறது. மருந்துகள் ரத்தத்தின் வழியாகப் போய் அதை அழிக்கின்றன. ஆனால் மூளைக்கு இயற்கையாகவே ஒரு தடுப்பு உண்டு. பல மருந்துகளை அது உள்ளே விடாது. அங்கே பதுங்கிய சில செல்கள், மாதங்களோ வருடங்களோ கழித்துத் தலையெடுக்கலாம். அப்போது ரத்தப் பரிசோதனை சரியாகவே இருக்கக்கூடும்.

இதைத் தடுக்கத்தான் முதுகில் ஊசி போடுகிறார்கள். "நடக்க முடியாமல் போய்விடும்" என்று பயந்து அதை நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் அதில் செலுத்துவது மெதோட்ரெக்சேட். அந்த வகை மருந்துகளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே வகையைச் சேர்ந்த அமினோப்டெரினைக் கொண்டுதான், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவாவது அடக்க முடியும் என்று 1948-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் காட்டினார்.

அரிதாக, திரும்பி வரும் நோய் மூளையைச் சுற்றியுள்ள உறையில் கட்டியாக வளரும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அது மெனிஞ்சியோமா போலவே தெரியலாம். மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோய் அல்ல; மெதுவாக வளரும். சிறியதாக இருந்தால், "சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்ப்போம்" என்பார்கள். ரத்தப் புற்றுநோய் அப்படிக் காத்திருக்காது. அதற்குக் கீமோவும் கதிர்வீச்சும் தேவைப்படலாம். கட்டியை எடுத்தால் மட்டும் போதாது. சந்தேகம் வந்தால் பயாப்ஸியும் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும்தான் உண்மையைச் சொல்லும். சிறு வயதில் தலைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பிற்காலத்தில் நிஜமான மெனிஞ்சியோமாவும் வரலாம். இரண்டில் எதுவானாலும் பழைய விவரம் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.

எனவே ரத்தப் புற்றுநோய் வந்து குணமானவருக்குத் தொடர்ந்து தலைவலி, வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிதல், முகம் கோணுதல், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்க வேண்டாம். ராயப்பன்பட்டியிலிருந்து க.விலக்கு அரசு மருத்துவமனைக்குப் போனாலும், மதுரைக்குப் போனாலும், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுபோங்கள். "எனக்கு முன்பு ரத்தப் புற்றுநோய் இருந்தது" என்று முதலிலேயே சொல்லுங்கள். ஸ்கேன் எடுப்பவரிடமும் சொல்லுங்கள். அது கௌரவக் குறைச்சல் இல்லை.

வீட்டுப் பத்திரத்தைப் பத்திரமாக வைக்கும் பீரோவிலேயே அந்த ஃபைலுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.