மாரிக்கு வைக்கும் பூசணி

(அக்கரைப்பற்றிலே கமக்காரர் முன்னிலையில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



நவம்பர் முதல் சனவரி வரை நம் கரையோரத்திலே வடகீழ்ப் பருவமழை பொழியும். வயலிலே பெரும்போக வேளாண்மை நிற்கும்; மேட்டுநிலத் தோட்டத்திலோ நீர் தேங்கிக் கிடக்கும். மரக்கறி விலை ஏறுவதும் அக்காலத்திலேதான். வெள்ளம் வீதியை மறித்த நாட்களில் கையிற் காசிருந்தும் கறிக்கு வழியிராது. அப்பொழுது வீட்டு மூலையில் முற்றிய பூசணிக்காய் ஐந்தாறு கிடக்குமாயின், அதன் அருமையை உலை வைக்கும் தாய்மாரே நன்கறிவர்.

குளிர்நாட்டார் இதனைக் ‘குளிர்காலப் பூசணி’ என்பர். குளிரில் விளைவதால் வந்த பெயரன்று. கோடையில் விளைந்து குளிர்காலம்வரை கெடாதிருப்பதால் வந்த பெயர். நமக்குப் பனிக்காலம் இல்லை, மாரி உண்டு. மே, யூன் மாதங்களில் ஊன்றிய விதை ஆகஸ்ட், செப்ரெம்பரில் முற்றிய காய் தரும். அதனை மாரிக்கென ஒதுக்குவதே நான் கூறவந்த செய்தி.

முதலில் இனத்தை அறிதல் வேண்டும். வடிவத்தையும் நிறத்தையும் நம்பற்க. ஒரே இனத்தில் தட்டையான காயும் உண்டு, குடம் போன்ற காயும் உண்டு, பட்டர்நட் எனப்படும் நீண்ட கழுத்துக் காயும் உண்டு. காம்பைப் பாருங்கள். காம்பு வைரித்து, ஐந்து மூலை கொண்டு, காயைத் தொடுமிடத்தில் பாதம் போல விரிந்திருந்தால், அது வெப்பநாட்டுக்குரிய நம் மஞ்சட் பூசணி. திணைக்களம் சிபாரிசு செய்த ஏ.என்.கே. ருகுணு இவ்வினத்ததே. காம்பு உருண்டு, தக்கை போல மெத்தென்றிருந்தால் வேறினம். சாம்பல் பூத்த நீற்றுப் பூசணியோ முற்றிலும் வேறு குடும்பக் கிளை. தமிழ்நாட்டுச் சமையற் புத்தகங்களிலே ‘பூசணி’ என்பது பெரும்பாலும் நீற்றுப் பூசணியையே குறிக்கும். நம் மஞ்சட் பூசணியை அவர்கள் பரங்கி என்பர். இதனை அறியாது சமைத்தாற் கறி வேறாகிவிடும்.

முற்றிய காயை அறிவது எளிது. நகத்தால் அழுத்தினால் தோலிற் பதியாது. காம்பு உலர்ந்து கட்டை போலாகும். நிலத்தைத் தொட்டிருந்த பக்கம் வெண்மை மாறி மஞ்சளாகும். கைச்செலவுக்கென்று பிஞ்சிலே பறித்து விற்போர் பலர். விற்பது உங்கள் உரிமை. ஆயினும் பிஞ்சுக்காய் மாரிவரை நில்லாது.

காம்பை இரண்டு அங்குலம் விட்டுக் கத்தியால் அறுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கலாகாது. காம்பு கழன்ற இடத்தினூடே அழுகல் புகும். காயமுற்ற காயையும் பழ ஈ குத்திய காயையும் உடனே கறிக்கு எடுங்கள். நல்லவற்றைக் காற்றோட்டமுள்ள நிழலிலே பத்து நாள் உலரவிட்டு, பின்பு பலகையிலோ வைக்கோலிலோ ஒன்றையொன்று தொடாது வரிசையாக வையுங்கள். சீமெந்துத் தரையின் ஈரம் ஆகாது. வாரத்துக்கொருமுறை புரட்டிப் பார்த்தால், இரண்டு மூன்று மாதம் தாராளமாக இருக்கும்.

இனி அடுக்களை. சதை கெட்டியாகவும் செம்மஞ்சளாகவும் இருந்தால் பாற்கறிக்கு உகந்தது. தோலோடு பெரிய துண்டுகளாக வெட்டி, வெண்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை, ரம்பை சேர்த்து இரண்டாம் பாலில் அவியுங்கள். ஒரு கைப்பிடி அரிசியும் தேங்காய்ப்பூவும் பொன்னிறமாக வறுத்து, சிறிது கடுகுடன் அரைத்து, முதற்பாலிற் கரைத்து இறுதியில் விடுங்கள். ஒரு கொதியில் இறக்கிவிட வேண்டும். மேலும் கொதித்தால் சதை கரைந்து கூழாகும். பூசணியின் மஞ்சள் நிறத்திலிருந்து நம் உடல் விற்றமின் ‘ஏ’யை ஆக்கிக்கொள்கிறது, தேங்காய்ப்பாலின் கொழுப்பு அதற்குத் துணை செய்யும். சதை நீர்த்தன்மையுடையதாயின் பருப்போடு அவிப்பது நன்று. இளந்தளிர் சுண்டலுக்காகும், விதையை வறுத்துத் தின்னலாம்.

ஓர் எச்சரிக்கை. வெட்டியவுடன் சிறு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தாற் துப்பிவிட்டுக் காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். குக்கர்பிற்றசின் என்னும் நஞ்சே அக்கசப்பு. அவித்தாலும் பொரித்தாலும் அது நீங்காது. வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும். 2015ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே, வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான சுக்கினிக் காயை உண்ட முதியவர் ஒருவர் இறந்தார். சுக்கினியும் பூசணிக்கு உறவே. கசப்பென்று தெரிந்தும் வீணாக்க மனமின்றி உண்பதே இதில் ஆபத்து. குழந்தைக்கு ஊட்டுமுன் இச்சோதனையை மறவாதீர்கள்.

தேனீ ஒரே இனத்துப் பூக்களிடையே மகரந்தம் கொண்டு செல்லும். இவ்வாண்டுக் காயில் அதன் பயன் தெரியாது. அதன் விதையில் முளைத்த கொடியிலேதான் தெரியும். ஆதலின் வேலியோரத்திலே தானாக முளைத்த, இன்னதென்றறியாத கொடியின் காயிலிருந்து விதை எடுக்கற்க. நன்கு முற்றிய, சுவை பார்த்த காயின் விதையையே கழுவி நிழலில் உலர்த்தி, அடுத்த சிறுபோகத்துக்குப் போத்தலில் அடைத்து வையுங்கள்.