நீரைக் காக்கும் குடிமக்கள்



யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியில், கோப்பாயைக் கடந்ததும் வருகின்ற ஊர் நீர்வேலி. செம்மண் தோட்டங்களும் வாழைக் குலைகளும் நிறைந்த அவ்வூரின் பெயரிலேயே நீர் முன்னிற்கின்றது. ஆயினும் நீர்வேலியில் மட்டுமன்றிக் குடாநாடு முழுவதிலும் ஆண்டு முற்றும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையே அம்மண்ணின் செல்வம். அம்மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கித் தங்குகின்றது. அன்று துலா மிதித்தும் இன்று இயந்திரம் பூட்டியும் கமக்காரர் இறைப்பது அந்த நீரைத்தான்.

அந்நன்னீர் நிலத்தின் கீழ்த் தனித்து நிற்பதன்று. பாலின் மேல் ஆடை மிதப்பதுபோல, கனம் மிகுந்த கடல்நீரின் மேல் அது மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் நூலோர் கண்ட பொதுக் கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் விளங்கும். மேலே ஓர் அடி குறைந்தால், கீழே 40 அடி உவர்நீர் ஏறிவர இடமுண்டு. நீர்வேலிக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் இனிப்பதும் ஆழத்து நீர் கரிப்பதும் இவ்வுண்மைக்குக் கண்கண்ட சான்றாகும்.

அளவின்றி இறைத்தல், தோட்டத்துப் பசளை கரைந்து கிணற்றில் நைத்திரேற்றாகச் சேர்தல் ஆகிய இரண்டும் உள்ளூரில் விளையும் கேடுகள். மூன்றாவது கேடு உலகமெங்கும் விளைவது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதனால் புவி வெப்பமடைகின்றது, கடல் உயர்கின்றது. 1901ஆம் ஆண்டிலிருந்து 2018ஆம் ஆண்டு வரை உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளதென அறிவியலாளர் கணித்துள்ளனர். மழையோ ஒருகால் பொழிந்து கெடுக்கின்றது; ஒருகால் பொய்த்துக் கெடுக்கின்றது. ஒரு கமக்காரன் தன் கிணற்றைக் காவல் செய்யலாம். கடலைக் காவல் செய்ய அவனால் இயலுமா? அயலவனின் இறைப்புக்கு அவனால் அளவு வகுக்க இயலுமா? இவை சட்டத்தாலும் அரசின் கொள்கையாலும் ஆகவேண்டிய கருமங்கள்.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. அரசாங்கம் ஐந்தாண்டில் மாறும். நீரின் கருமமோ ஐம்பதாண்டுக் கருமம். 1954ஆம் ஆண்டில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடல்நீரேரியை உவர் நீக்கி நன்னீர்த் தேக்கமாக்கி, அந்நீரை முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவந்து, குடாநாட்டுக் கிணறுகளை வளம்படுத்துவதே அதன் நோக்கம். சில வேலைகள் நடந்தன. சில குறையில் நின்றன. கட்டியவற்றிலும் சில பழுதுற்றன. இடையே நெடிய போர் வந்தது. எழுபது ஆண்டு கடந்தும் அத்திட்டம் முற்றுப்பெறவில்லை. நல்ல திட்டம் தீட்டப்படுதல் வேறு. அது பல அரசாங்கங்களைக் கடந்து வாழ்தல் வேறு.

பல அரசாங்கங்களைக் கடந்து ஒரு கொள்கை வாழவேண்டுமாயின், பல கட்சியாரும் அதனைத் தமதென்று கொள்ளவேண்டும். கொள்ளச் செய்வார் யார்? பிற நாட்டு வரலாறு ஒரு விடை தருகின்றது.

பிரித்தானியாவில் 2005ஆம் ஆண்டில் புவியின் நண்பர்கள் என்னும் அமைப்பினர் ஒரு முயற்சி தொடங்கினர். ஆண்டுதோறும் கரிப்புகையைக் குறைக்க அரசைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. ஏறத்தாழ 2 இலட்சம் மக்கள் தத்தம் உறுப்பினருக்குக் கடிதம் எழுதியும் நேரிற் கண்டும் இக்கோரிக்கையை வைத்தனர். தொழிற்கட்சி, பழமைக்கட்சி, தாராளக்கட்சி என்னும் மூன்றிலும் ஒவ்வொருவர் முன்னின்று கொணர்ந்த பிரேரணையில், 646 உறுப்பினருள் 412 பேர் கையொப்பமிட்டனர். 2008ஆம் ஆண்டு நவம்பரில் அது காலநிலை மாற்றச் சட்டமாயிற்று. மக்கள் சபையில் அதனை எதிர்த்து வாக்களித்தோர் ஒரு கைவிரலுக்குள் அடங்குவர். அதன்பின் ஆட்சி மாறியது, பிரதமர் பலர் மாறினர், சட்டம் நிலைத்தது. 2019ஆம் ஆண்டில் பழமைக்கட்சி அரசே அதன் இலக்கை இன்னும் கடுமையாக்கியது.

அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டில் மார்ஷல் சாண்டர்ஸ் என்பவர் குடிமக்கள் காலநிலை அமைப்பு ஒன்றைத் தோற்றுவித்தார். ஊதியம் பெறாத ஆசிரியரும் வணிகரும் இல்லத்தரசியரும் அதில் சேர்ந்து, இரு கட்சி உறுப்பினரையும் கண்டு பேசினர். கரிப்புகைக்குக் கட்டணம் விதித்து, அப்பணத்தை மக்களுக்கே பங்கிட்டுக் கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அவர்கள் முறை எளியது. உறுப்பினரைக் கண்டதும், அவர் செய்த நற்கருமம் ஒன்றுக்கு முதலில் நன்றி கூறுவர்; பின் அவர் சொல்வதைச் செவிமடுப்பர்; அதன் பின்னரே தம் கோரிக்கையை வைப்பர். 2016ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையில் காலநிலைக் குழு ஒன்று அமைந்தபோது, ஒரு கட்சியிலிருந்து ஒருவர் சேர்ந்தால் மறு கட்சியிலிருந்தும் ஒருவர் சேரவேண்டும் என்று விதி செய்தனர். 2018ஆம் ஆண்டில் அவர்கள் விரும்பிய மசோதா சபைக்கு வந்தது, ஆயினும் சட்டமாகவில்லை. பொறுமையும் இப்பணியின் ஒரு பகுதியே என்பதை இது காட்டும்.

அயல்நாட்டுக் கதை கிடக்கட்டும். நீர்வேலிக்கு மேற்கே சில கட்டை தொலைவிலுள்ள சுன்னாகத்தில் நிகழ்ந்தது யாது? அங்குள்ள கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்ததென மக்கள் முறையிட்டனர். 2015ஆம் ஆண்டில் தெற்கைச் சேர்ந்த சுற்றாடல் ஆர்வலர் ரவீந்திர குணவர்தன காரியவசம் உயர் நீதிமன்றத்தில் வழக்கிட்டார். 2019ஆம் ஆண்டு ஏப்பிரலில் நீதிமன்றம், அங்கு மின் நிலையம் நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. வடக்கின் கிணற்றுக்காகத் தெற்கின் குடிமகன் ஒருவர் வாதாடினார் என்பது எண்ணி மகிழத்தக்கது. எனினும், நீதிமன்றம் கெட்டபின் தீர்ப்பளிக்கும். கெடாமற் காக்கவேண்டியது சட்டசபையின் கடன்.

இன்னொரு பாடமும் உண்டு. இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் குடிநீராகக் கொணரும் திட்டம் எழுந்தபோது, கிளிநொச்சி நெற்கமக்காரர் தம் வயல் வாடுமென்று எதிர்த்தனர். தாகமும் உண்மை, வயலும் உண்மை. இறுதியில் கடல்நீரை நன்னீராக்கும் வழி தேடப்பட்டு, தாளையடியில் அமைந்த நிலையம் 2024ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. கடல்நீரை வடிக்க மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குப் பொருள் வேண்டும். ஆதலின், நீர் கேட்கச் செல்வோர் தம் தேவையை மட்டுமன்றி மறுபக்கத்தார் இழப்பையும் அறிந்தே செல்லவேண்டும்.

2024ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 6 உறுப்பினரைத் தெரிந்தது. அவர்கள் நான்கு வெவ்வேறு அணியினர். இதைக் குறையெனக் கருதுவோர் உளர், நிறையாகவும் ஆக்கலாம். ஊர்ச் சனசமூக நிலையத்தார் சிலர் கூடி, தம்மூர்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் மாதந்தோறும் அளந்து எழுதிவைக்கலாம். அரச திணைக்களங்களிடமுள்ள பரிசோதனை முடிவுகளை, 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டுப் பெறலாம். அக்கணக்கோடு ஆறு உறுப்பினரையும் ஒருவர் விடாமற் கண்டு, ஒரே கோரிக்கையை ஒரே சொல்லால் வைக்கலாம். உறுப்பினர் ஒருவர் மூலம் பாராளுமன்றப் பொதுமனுக் குழுவுக்கு மனுச் செய்யவும் வழியுண்டு. அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை இயற்கையைப் பேணுதல் ஒவ்வொருவரின் கடமையென்று கூறுகின்றது.

‘இலங்கை விடும் கரிப்புகை உலகக் கணக்கில் மிகச் சிறிது, இங்கே பேசி என்ன பயன்?’ என்று சிலர் வினவுவர். புகை சிறிதாயினும் பாதிப்பு சிறிதன்று. இலங்கை 2016ஆம் ஆண்டில் பாரிஸ் உடன்படிக்கையை ஏற்றது. அவ்வுறுதி ஏட்டில் நில்லாது கிணற்றடிக்கு வரவேண்டுமாயின், மழைநீர் தேங்கும் குளங்களைத் தூர்வாருவதும், இறைப்புக்கு அளவு வகுப்பதும், உவர் தடுக்கும் அணைகளைப் பேணுவதும் சட்டத்திலும் வரவுசெலவுத் திட்டத்திலும் இடம்பெறவேண்டும்.

கட்சி சாராமை கொள்கையின்மை அன்று. வாக்களிக்கும்போது ஒருவர் தாம் விரும்பிய கட்சிக்கு வாக்களிக்கட்டும். நீருக்காகப் பேசச் செல்லும்போது எல்லாக் கட்சியின் வாயிலையும் தட்டட்டும். கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கினால், அது எந்தக் கட்சியாரின் கிணறு என்று பார்த்து உவர்ப்பதில்லை.