படைவீரர் முறையீடு
(மம்சாபுரத்தில் ஆற்றிய உரை)



'நோய் பணியால் வந்ததன்று. ஊன ஓய்வூதியம் இல்லை' என்று கடிதம் வந்தால், தலைவிதி என்று பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். தரம்வீர் சிங் என்ற சிப்பாய் பூட்டவில்லை. 1985-இல் படையிற் சேர்ந்தவர், வலிப்பு நோயால் 1994-இல் அனுப்பப்பெற்றார். அவர் பக்கமே 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேரும்போது குறிக்கப்படாத நோய் பணியால் விளைந்ததென்றே கொள்ளவேண்டும். அன்றென மெய்ப்பிப்பது அரசின் பொறுப்பு. (2023 செப்டம்பருக்குப் பின் விலகியோர்க்கு விதிகள் வேறு.)

ஆகவே மருத்துவக் குழுவின் அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். அதுவே வழக்கின் உயிர்நாடி. ஆறு மாதத்திற்குள் முதல் முறையீட்டை அனுப்புங்கள். பின்னர் இரண்டாம் முறையீடு. அதற்கும் மேல் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். எழுத இயலாதோர் விருதுநகர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுக. டிஸ்சார்ஜ் புத்தகத்தை மறவாது கொண்டு செல்லுங்கள்.