சீமையில் பள்ளிக்கூடத்து வாசல்
(ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியது)



கல்வியைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். நானோ எட்டாவதோடு நின்றவன். பள்ளிக்கூடத்து வாசலில் காத்து நின்ற கஷ்டம் தெரிந்தவன் என்பதைத் தவிர, இதைப் பற்றிப் பேச எனக்கு வேறு யோக்கியதை கிடையாது.

என் தமக்கை மகள் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போனாள். புருஷனும் 8 வயதுப் பெண் குழந்தையும் கூடப் போனார்கள். வருஷத்தின் நடுவில் போனபடியால், வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். உடனே அங்கே நெடுநாளாயிருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் வந்து, "சர்ச்சுப் பள்ளியிலே படிப்பு நன்றாயிருக்கும். குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்துவிட்டு ஞாயிறுதோறும் போய் உட்காருங்கள், இடம் தானே வரும்" என்று புத்தி சொன்னாராம். ராத்திரி அவள் என்னைக் கூப்பிட்டு, "மாமா, என்ன செய்யட்டும்?" என்று அழுதாள். "அம்மா, ஒரு பெஞ்சிக்காக ஒரு கடவுளை விலைக்கு வாங்காதே. முதலில் அந்த ஊர்ச் சட்டம் என்ன சொல்லுகிறதென்று விசாரி" என்றேன்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 5 வயது முதல் 16 வயது வரை குழந்தைக்குக் கல்வி கட்டாயம். அரசாங்கப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சம்பளம் கிடையாது, இடம் கொடுப்பதற்கு நன்கொடையும் கேட்கக் கூடாது. அன்னிய தேசத்துக் குழந்தை என்பதற்காக இடம் மறுக்கக் கூடாது. இங்கிலீஷ் தெரியாதென்பதும் மறுக்கக் காரணமாகாது. நடு வருஷத்தில் வந்தவர்கள் அந்த ஊர்க் கவுன்சிலுக்கோ பள்ளிக்கோ மனுப் போட வேண்டும். 2021ம் வருஷ விதிப்படி 15 பள்ளி நாட்களுக்குள் பதில் வந்தாக வேண்டும். இல்லை என்று பதில் வந்தால், பள்ளிக்குச் சம்பந்தமில்லாத ஒரு குழுவிடம் அப்பீல் செய்துகொள்ளலாம்.

இப்படி இருக்க, அந்த ஊர்க்காரர் சொன்னது முழுப் பொய்யா என்றால் அதுவும் இல்லை. அங்கே அரசாங்கப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மதப் பள்ளி. இடம் காலியிருந்தால் எந்த மதத்துக் குழந்தையையும், மதமே இல்லாத குழந்தையையும் அவை சேர்த்தே தீர வேண்டும். ஆனால் இடத்தைவிட மனுக்கள் அதிகமாகிவிட்டால், தங்கள் மதத்தாருக்கு முதலிடம் கொடுத்துக்கொள்ள 2010ம் வருஷத்துச் சமத்துவச் சட்டமே வழி விட்டிருக்கிறது. வரி கொடுப்பது எல்லோரும். வாசலிலே மட்டும் சாமி பெயரைக் கேட்கிறான். சமத்துவச் சட்டத்திலேயே இந்தச் சந்து இருக்கிறதென்றால், மதத்தின் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்லுவது?

இதிலும் ஒரு வேடிக்கை கேளுங்கள். லண்டனிலே ஜே.எப்.எஸ். என்ற யூதப் பள்ளியில் ஒரு பையனுக்கு இடம் மறுத்தார்கள். தகப்பன் யூதர். தாய் கத்தோலிக்கராய்ப் பிறந்து யூத மதத்தில் சேர்ந்தவர். அவர் சேர்ந்தது வைதிகப் பிரிவாரின் முறைப்படி அல்லவாம்! ஆகவே தாயும் யூதரல்ல, பிள்ளையும் யூதனல்ல என்று தள்ளிவிட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2009ம் வருஷம் டிசம்பர் 16ந் தேதி, 9 நீதிபதிகளில் 5 பேர், இது பிறப்பைப் பார்த்துச் செய்த நேரடியான இனப் பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னார்கள். தாய் யாரென்று பார்த்துப் பிள்ளையின் யோக்கியதையை நிர்ணயிக்கிற வித்தையை நாம் எங்கே பார்த்திருக்கிறோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

சரி, நம் குழந்தையின் கதி என்னாயிற்று? கவுன்சிலுக்கு மனுப் போட்டார்கள். ஒன்றரை மைலுக்கு அப்பால் வேறொரு பள்ளியில் இடம் வந்தது. வயதைப் பார்த்து வகுப்பில் உட்கார வைத்தார்கள். ஜாதி என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் வாரம் முழுவதும் வாய் திறக்காத குழந்தை, மூன்றாம் மாதம் அந்த ஊர்ப் பிள்ளையோடு சண்டை போடுமளவுக்கு இங்கிலீஷ் பேசிற்று. பிறகு பக்கத்துப் பள்ளியில் இடம் காலியாகி அழைத்தபோது, சிநேகிதியை விட்டு வரமாட்டேன் என்று அதுவே சொல்லிவிட்டதாம். தினசரிப் பிரார்த்தனை மாத்திரம் அங்கேயும் உண்டு. 1944ம் வருஷச் சட்டம் கட்டாயமாக்கிய வழக்கம். பெற்றோர் ஒரு கடிதம் எழினால் குழந்தையை விட்டுவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. அந்தக் கடிதத்தை எழுதியவள் ஞானஸ்நானத்திற்குத் தயாராயிருந்த அதே பெண்தான்!

தோழர்களே! சீமையைப் புகழ்ந்துவிட்டுப் போக நான் வரவில்லை. திருப்பூருக்கும் சென்னைக்கும் வடநாட்டிலிருந்து பிழைக்க வந்தவன் பிள்ளையும் நம் பள்ளி வாசலில் நிற்கிறது. வயதுக்குத் தக்க வகுப்பில் சேர், சான்று இல்லையென்று தள்ளாதே, நன்கொடை வாங்காதே என்று நம் 2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமும் சொல்லுகிறது. நம் பிள்ளை அங்கே நின்றால் வயிறு எரிகிற நாம், அந்தப் பிள்ளைக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோமா? நாளைக் காலையில் அப்படி ஒரு குழந்தையையாவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் வார்த்தைகளை முடித்துக்கொள்ளுகிறேன்.