அடுத்த வளைவில் ஒருத்தர்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

போன எபிசோடில் சோலோ ட்ரிப் பற்றிப் பேசியிருந்தோம். அதற்கு வந்த மெயில்களை உட்கார்ந்து படித்தேன். பாதிப் பேர் ‘தனியாப் போனதுதான் ப்ரோ வாழ்க்கையையே மாத்துச்சு’ கட்சி. மீதிப் பேர் ‘நாலு பேர் இல்லாம எங்க போனாலும் போர்’ கட்சி. எனக்கு இரண்டு கட்சியிலும் உறுப்பினர் அட்டை வேண்டாம். ஏன்னு சொல்றதுக்கு ஒரு ஆற்றையும் ஒரு மீனையும் ஒரு பெரியவரையும் அறிமுகப்படுத்தணும். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

முதலில் ஆறு. நியூயார்க் நகரத்திலிருந்து வடமேற்கே வண்டியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் கேட்ஸ்கில் மலைகள். அங்கே ராஸ்கோ என்று ஒரு சின்ன ஊர். பீவர்கில், வில்லோவீமாக் என்று இரண்டு ஆறுகள் அந்த ஊர் ஓரத்தில் ஒன்றாகச் சேருகின்றன. (‘கில்’ என்றால் டச்சு மொழியில் ஓடை. கொலை எல்லாம் கிடையாது.) சேருகிற இடத்துக்கு ஜங்ஷன் பூல் என்று பெயர். அங்கே இரண்டு தலை மீன் ஒன்று இருப்பதாக உள்ளூரில் ஒரு கதை. எந்த ஆற்றில் ஏறுவது என்று முடிவு பண்ண முடியாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி அதுக்கு இன்னொரு தலை முளைச்சிடுச்சாம். ‘சென்னைக்குத் திரும்பிடலாமா’ என்று பத்து வருஷமா யோசிக்கிற என் நியூ ஜெர்சி நண்பர்கள் எல்லாருக்கும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கேன். யாரும் சிரிக்கலை.

மீன், ட்ரவுட். குளிர்ந்த, ஓடுகிற தண்ணீரில்தான் வாழும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதுக்குத் திணறல். நம்ம நீலகிரியிலும் ட்ரவுட் உண்டு. தூண்டில் போட ஆசைப்பட்ட வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. அவலாஞ்சியில் 1907இலேயே பொரிப்பகம் கட்டியிருக்கிறார்கள். கேட்ஸ்கில்லின் சொந்த மீன் ப்ரூக் ட்ரவுட். இப்போ அங்கே அதிகம் பேர் தேடிப்போகிற பிரவுன் ட்ரவுட், 1883இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாக நியூயார்க்குக்கு வந்த வம்சம். அதுவும் நம்ம மாதிரி வந்தேறிதான்.

அடுத்து, ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன? மண்புழு கிடையாது, தக்கை கிடையாது. முள்ளைச் சுற்றி இறகும் நூலும் கட்டி ஒரு பூச்சி மாதிரி செய்வார்கள். அதுக்கு எடையே இருக்காது, தூக்கி எறிந்தால் நம்ம மூக்கு மேலேயே வந்து விழும். அதனால் கனமாகச் செய்யப்பட்ட லைனைத்தான் வீசணும். முன்னாடி வீசுறதுக்கு முன்னால் லைன் முழுசும் நமக்குப் பின்னாடி நீண்டு விரியணும். முப்பது அடி லைன் என்றால் முன்னால் முப்பது, பின்னால் முப்பது. யோசிச்சுப் பாருங்க, இந்த ஆட்டத்தில் பக்கத்தில் ஒருத்தர் நிற்கவே முடியாது. நின்றால் அவர் காதில் முள் மாட்டும். ட்ரவுட் எப்பவும் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும், நாம் அதன் முதுகுப்பக்கமாகக் கீழிருந்து மேலே போகணும். நமக்கு மேலே இன்னொருத்தர் தண்ணீரில் இறங்கினால் மீன் ஓடிடும். எனவே ரெண்டு பேர் சேர்ந்து போனால் ஒருத்தர் இங்கே ஆரம்பிப்பார். இன்னொருத்தர் கரையோரமாக நடந்து அடுத்த வளைவுக்குப் போயிடுவார். மரியாதை என்றால் அங்கே இதுதான், கண்ணில் படாமல் இருப்பது.

இலையுதிர் காலத்தில் இந்த இடைவெளி இன்னும் கூடும். செப்டம்பர், அக்டோபரில் ஆற்றில் தண்ணீர் குறைவு, கண்ணாடி மாதிரி தெளிவு. நம்ம நிழல் விழுந்தாலே மீன் பாறைக்கடியில். அந்த நேரத்தில் பறக்கிற பூச்சிகளும் பொடிப்பொடியானவை, கொத்தமல்லி விதை அளவு ஆலிவ் நிற மேஃப்ளை. அதுக்கு ஏத்த மாதிரி முள்ளும் பொடிசு, நூலும் தலைமுடி கனம். மேப்பிள் இலைகள் ஆற்றில் மிதந்து வந்துக்கிட்டே இருக்கும், பத்து வீச்சில் ஆறு தடவை இலைதான் மாட்டும். கோடைக்கால கூட்டம் போயிருக்கும். இலை பார்க்க வருகிற கார்கள் சாலையோடு சரி, தண்ணீருக்கு இறங்க மாட்டார்கள். அக்டோபர் நடுவில் ஆறேகால் மணிக்கெல்லாம் சூரியன் போயிடும். பல இடங்களில் போன் சிக்னல் கிடையாது.

பிரவுனும் ப்ரூக்கும் முட்டையிடுவது இந்தப் பருவத்தில்தான். பெண் மீன் வாலால் அடித்து அடித்துக் கூழாங்கல்லைச் சுத்தம் பண்ணிக் குழி தோண்டும். பாசி படிந்த ஆற்றடியில் அந்த இடம் மட்டும் புதுசாக் கழுவின தரை மாதிரி வெளுத்துத் தெரியும். அங்கே கால் வைக்கக் கூடாது, அந்த மீனுக்குத் தூண்டிலும் போடக் கூடாது. நியூயார்க் மாநிலத்தில் அக்டோபர் 16இல் இருந்து ஆற்று ட்ரவுட்டைப் பிடித்தாலும் திருப்பி விட்டுடணும். இலையுதிர் காலத்தில் பாதி நேரம், இறங்காமல் கரையில் நின்று பார்ப்பதுதான் மீன்பிடிப்பு.

இப்போ பெரியவர். நான் நியூ ஜெர்சியில் குடிவந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு. வயசு எழுபத்தி மூணு. அந்த ஊர் வழக்கப்படி பேர் சொல்லித்தான் கூப்பிடணும். முதல் ஒரு வருஷம் எனக்கு வாய் வரலை, ‘எக்ஸ்க்யூஸ் மீ’ என்றே ஓட்டினேன். இன்னிக்கும் அம்மாகிட்ட போனில் பேசும்போது ‘அந்தத் தாத்தா’தான். மனைவி இறந்துட்டாங்க, பிள்ளைகள் வேற மாநிலத்தில். நானும் அப்போ வீட்டிலிருந்தே வேலை. செவ்வாய்க்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் வித்தியாசம் தெரியாத காலம். ஒரு நாள் குப்பைத்தொட்டியை உள்ளே இழுக்கும்போது, ‘சனிக்கிழமை ஆத்துக்கு வர்றியா?’ என்று கேட்டார். அவ்வளவுதான் முன்னுரை.

அஞ்சு இலையுதிர் காலம் சேர்ந்து போனோம். சேர்ந்து என்றால், காரில் சேர்ந்து. போகிற வழியில் அவர் பேசுவார், வர்ற வழியில் நான். நடுவில் ஏழு மணி நேரம் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க மாட்டோம். ஆனா அந்த ஏழு மணி நேரமும் எனக்குத் தெரியும், அடுத்த வளைவில் ஒருத்தர் இருக்கார். என் வீட்டு ஞாயிற்றுக்கிழமையில் இருந்த தனிமைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. நம்ம பாட்டிகள் ‘ஏகாந்தமா இருக்கு’ என்று சொல்வாங்களே, அது இதுதான் என்று நினைக்கிறேன். அவங்க அதைச் சொன்னது எப்பவும் வீடு நிறைய ஆள் இருந்து, எல்லாரும் தூங்கின மதியத்தில்தான். கவனிச்சிருக்கீங்களா?

இந்த ஆறுகளில் தனியாள் என்றாலே எல்லாரும் சொல்கிற பெயர் ஒன்று உண்டு. தியோடர் கார்டன். 1854இல் பிறந்தவர், காசநோயாளி, கல்யாணம் செய்துகொள்ளாதவர். கடைசி வருஷங்களில் நெவர்சிங்க் ஆற்றுப் பக்கம் பண்ணை வீடுகளில் தங்கி, குளிர்காலம் முழுக்க ஈ கட்டி விற்றுப் பிழைத்தார். 1915இல் இறந்தார். அமெரிக்க ட்ரை ஃப்ளைக்கு, அதாவது மூழ்காமல் மிதக்கிற ஈக்கு, அவரைத்தான் தந்தை என்பார்கள். துறவி மாதிரி ஒரு பிம்பம். ஆனால் அந்தத் துறவி என்ன பண்ணினார் தெரியுமா? இங்கிலாந்தில் இந்தக் கலையில் பெரிய ஆளாக இருந்த ஃப்ரெடரிக் ஹால்ஃபோர்டுக்குக் கடிதம் போட்டார். 1890இல் ஹால்ஃபோர்டு தன் ஈக்களில் ஒரு தொகுதியைக் கடிதத்தோடு அனுப்பினார். அங்கே மெதுவான சுண்ணாம்பு நில ஆறுகள், இங்கே கல்லில் மோதி ஓடுகிற வேக ஆறு. கார்டன் அந்த ஈக்களைத் தன் ஆற்றுக்கு ஏத்த மாதிரி மாற்றினார். அப்புறம் ஸ்கூஸ் என்ற இன்னொரு ஆங்கிலேயரோடு வருஷக்கணக்கில் கடிதம். லண்டன் பத்திரிகைக்கு விடாமல் எழுத்து. தன் மிகச் சிறந்த மீன்பிடித் துணை ஒரு பெண் என்றும் எழுதியிருக்கிறார், ஆற்றில் அவரோடு ஒரு பெண் நிற்கிற போட்டோகூட இருக்கு. யாரென்று இன்றுவரை யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. அட்லாண்டிக் கடல் அகலத்துக்கு ஒரு வளைவு, அதுக்கு அந்தப் பக்கம் அவருக்கும் ஆட்கள் இருந்தாங்க. அந்த நெவர்சிங்க் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி இப்போ நீர்த்தேக்கத்துக்கு அடியில். நியூயார்க்காரர்கள் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் அதுவும் கலந்திருக்கு.

சரி, இந்த வருஷத்துக்கு வருவோம். தாத்தாவுக்கு நடையில் தள்ளாட்டம் வந்துடுச்சு. ஓடுகிற தண்ணீரில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிட்டார். பீவர்கில் கல்லெல்லாம் நம்ம ஊர்க் கோயில் குளத்துக் கடைசிப் படி மாதிரி, பாசி. இடுப்புக்கு மேல் வரைக்கும் போடுகிற வேடர்ஸ் என்ற ரப்பர் கால்சட்டையோடு விழுந்தால் உள்ளே தண்ணீர் ஏறும். (பேரைக் கேட்டு முதலில் கண்ணப்ப நாயனார் ஞாபகம்தான் வந்தது.) டாக்டர் சொன்னது நியாயம்.

செப்டம்பரில் முதல் தடவை போனப்போ மடக்கு நாற்காலியைக் கரையில் போட்டு உட்கார்ந்துக்கிட்டார். நான் தண்ணீரில். அவர் ஒண்ணும் சொல்லலை, பார்த்துக்கிட்டு மட்டும் இருந்தார். எனக்கு ஒரு வீச்சும் விழலை. அம்மா பின்னாடி நின்னு பார்க்கும்போது தோசை ஊத்தின மாதிரி. ஒரு மணி நேரத்தில் அவரே எழுந்து, ‘நீ வீசுறதைப் பார்த்து எனக்குத் தூக்கம் வருது’ என்று நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வளைவுக்குக் கீழே போயிட்டார். எனக்காகத்தான் போனார், ரெண்டு பேருக்கும் தெரியும்.

இப்போ வேற பிரச்சினை. அவர் கண்ணில் படலை என்றால் எனக்கு மீனில் கவனம் போகலை. விழுந்திருப்பாரோ? கரையிலேயே வழுக்குமே? கால்மணிக்கு ஒரு தடவை வளைவு வரைக்கும் நடந்துபோய் எட்டிப் பார்த்தேன். மூணாவது தடவை அவருக்குக் கோபம் வந்துடுச்சு. ‘வீட்ல வாரம் முழுக்க யாரும் இல்லாம இருக்கேன். அது போதும். இங்க நான் தனியா இருக்கணும்’ என்றார். நான் கேட்டேன், ரெண்டும் ஒண்ணுதானே? ‘இல்ல. அங்க யாரும் வரமாட்டாங்க. இங்க நீ நாலு மணிக்கு வருவ.’

போய்ப் பார்த்தது தப்பு என்று நான் இன்னும் நினைக்கலை. அவர் கோபமும் தப்பில்லை. முன்னாடி ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் விட்டுவெச்சோம், சமமா. இப்போ நான் காவலாளி, அவர் பொறுப்பு. அந்த மாற்றம்தான் அவருக்கு வலிச்சது, கால் இல்லை. அவருக்குப் பாதுகாப்பைக் கொடுக்கப்போய், எனக்கு அஞ்சு வருஷமா அவர் கொடுத்ததை நான் அவரிடமிருந்து பிடுங்கப் பார்த்தேனோ என்றுகூடத் தோணுச்சு. ஆனால் அவர் விழுந்துட்டால்? அவர் மகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இதுக்கு என்கிட்ட சுத்தமான பதில் இல்லை, ஒரு ஏற்பாடுதான் இருக்கு.

கார் நிற்கிற பாலத்துக்குப் பக்கத்திலேயே, தண்ணீரில் இறங்காமல் கரையிலிருந்தே வீசக்கூடிய ஒரு மடு. பின்னாடி மரமில்லாத புல்வெளி. அது அவர் இடம். கழுத்தில் ஒரு விசில், எங்க காலத்து பி.டி. மாஸ்டர் மாதிரி. ஆற்றுச் சத்தத்தில் அது ரொம்ப தூரம் கேட்காது என்பதால் நான் முதல் வளைவைத் தாண்டிப் போறதில்லை. மதியம் பன்னிரண்டுக்கு சாப்பாடு, நாலு மணிக்குப் பாலம். நடுவில் எட்டிப் பார்க்கக் கூடாது. அந்த நிபந்தனை அவர் போட்டது. விசிலை நான் போட்டேன்.

அவர் கண்ணுக்கு இப்போ பொடி முள்ளில் நூல் கோர்க்க வரலை. அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரி என் சாப்பாட்டு மேஜையில் பத்து ஈக்களைத் தனித்தனி நூலில் கட்டி, மறு நுனியில் ஒரு கண்ணி போட்டு, ஒரு அட்டையில் சுத்தி வெச்சிடுவேன். ஆற்றில் கண்ணியோடு கண்ணி மாட்டினால் போதும், அவர் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. போன தடவை நாலு மணிக்குப் பாலத்துக்குப் போனேன். அட்டையில் மூணு ஈ குறைஞ்சிருந்தது. ‘மரமா, மீனா?’ என்று கேட்டேன். ‘உனக்கெதுக்கு’ என்றார்.

இந்த சனிக்கிழமை மறுபடி போறோம். அக்டோபர் 16 தாண்டியாச்சு, அதனால் எது மாட்டினாலும் திருப்பி விடுறதுதான். பத்து ஈ இன்னும் கட்டலை. இத்தோட முடிச்சுக்கிறேன், அடுத்த எபிசோடில் பார்ப்போம்.