கர்த்தர்மேல் முழு நம்பிக்கை

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாள் காலை ஜெபக்கூட்டத்தில் பேசியது)



கடைசி வருஷம் படிக்கிற தம்பிகள் நிறைய பேர் வந்திருக்கீங்க. "அண்ணா, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஜெபம் பண்ணிக்கோங்க"ன்னு காலையிலேயே நாலு பேர் கேட்டாச்சு. கட்டாயம் பண்ணுகிறேன். ஆனால் ஜெபம் பண்ணினால் வேலை நிச்சயம் என்று சொல்ல நான் சரியான ஆள் இல்லை. பதினோரு வருஷம் உழைத்த கம்பெனி, ஆட்குறைப்பு என்று சொல்லி எட்டு மாதத்துக்கு முன்னால் என்னை அனுப்பிவிட்டது. வீட்டுக்கடன் தவணை மட்டும் தவறாமல் ஐந்தாம் தேதி வந்து நிற்கிறது.

பொத்தேரியிலிருந்து தெற்கே ஐந்தாவது ஸ்டேஷன் செங்கல்பட்டு. அதன் பக்கத்தில் திருமணி. 1955-ல் மத்திய அரசு ஏற்பதற்கு முன்னால், அங்கே மிஷனரிகள் தொழுநோய் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். 1947-ல் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து டாக்டர் பால் பிராண்ட் அதைப் பார்க்க வந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி வலித்ததாம்! அப்படியானால் எல்லாத் தசையும் செத்துவிடவில்லை. நல்ல தசையின் தசைநாரை மாற்றிப் பொருத்தினால் விரல் மறுபடி வேலை செய்யும். வேலூரில் அந்த ஆபரேஷனைச் செய்தும் காட்டினார். நம்ம ஆட்களுக்குச் சட்டென்று புரியும், லோடை வேறு மெம்பருக்கு மாற்றுகிற வேலைதான்.

நான் சொல்ல வந்தது அவர் அம்மாவைப் பற்றி. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியர் கொல்லிமலையில் ஊழியம் செய்தவர்கள். 1929-ல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். வயது நாற்பத்து நாலு. மகன் பால் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பதினாலு வயதுப் பையன். அப்பா இறந்த செய்தி தந்தியில் முந்தி வந்துவிட்டது. அவர் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் பின்னால் வந்துகொண்டிருந்தன.

ஈவ்லின் அம்மா ஊழியத்தை விடவில்லை. வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும், தன் சொந்தப் பொறுப்பில் மலைக்குத் திரும்பினார். மட்டக் குதிரையில் ஊர் ஊராகப் போனார். 1974-ல் தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும்வரை இதே நாடுதான்.

"மகன் மூலம் தேவன் எவ்வளவு பெரிய காரியம் செய்தார் பார்த்தீங்களா?" என்று பிரசங்கத்தில் சொல்லி முடிப்பது வழக்கம். எனக்கு அது கொஞ்சம் அவசரமாகப் படுகிறது. 1929-ல் அந்த அம்மாவுக்கு 1947 தெரியாதே! புருஷனைப் புதைத்த மலை மட்டும்தான் முன்னால் இருந்தது. தானியேல் 3-ல் அந்த மூன்று வாலிபரும் ராஜாவிடம் சொன்னதும் அதுதான். எங்கள் தேவன் காப்பாற்ற வல்லவர். காப்பாற்றாமல் போனாலும் உன் சிலையை வணங்க மாட்டோம் என்றார்கள். அந்த இரண்டாவது பாதியைச் சொல்ல எனக்கு இந்த எட்டு மாதமாகத்தான் வாய் பழகுகிறது. சில ராத்திரி வருவதே இல்லை. என் மனைவி எனக்காகச் சொல்கிறாள்.

நம்பிக்கை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் இல்லை. ஜெபம் முடிந்ததும் விண்ணப்பம் எழுத உட்காருகிறேன். தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கு டிராயிங் போட்டுக் கொடுக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை ஒரகடத்தில் எனக்கும் இன்டர்வியூ இருக்கிறது. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

பயோடேட்டா கொண்டுவந்திருக்கிற தம்பி தங்கைகள் சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க. உட்கார்ந்து திருத்தித் தருகிறேன்.