பவுலும் யாக்கோபும்



நியூ ஜெர்சியிலோ ஹூஸ்டனிலோ வீட்டில் கூடும் தமிழ் வேதபாட வகுப்பை மனக்கண்ணில் பாருங்கள். திருநெல்வேலி சி.எஸ்.ஐ. அண்ணாச்சி ரோமர் நிருபம் 3ஆம் அதிகாரத்தைத் திறக்கிறார். நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் யாரும் நீதிமானாவதில்லை, விசுவாசமே வழி என்கிறார் பவுல். தூத்துக்குடி கத்தோலிக்க அக்கா யாக்கோபு 2ஆம் அதிகாரத்தைப் புரட்டுகிறார். விசுவாசம் மட்டும் போதாது, செயலும் வேண்டும் என்கிறது அது. இரு பக்கத்துக்கும் சாட்சி ஒரே ஆபிரகாம்!

இது நம் வீட்டுச் சண்டை மட்டுமல்ல. 1522இல் ஜெர்மன் மொழியில் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட லூத்தர், ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார். யாக்கோபு நிருபத்தையோ வைக்கோல் நிருபம் என்றே எழுதிவிட்டார்.

சற்று நிதானமாகப் பார்ப்போம். பவுல் காட்டும் ஆபிரகாம் ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் நிற்கிறார். பிள்ளை இல்லை, விருத்தசேதனமும் இன்னும் நடக்கவில்லை. வாக்குறுதியை நம்புகிறார், அவ்வளவுதான். யாக்கோபு காட்டும் ஆபிரகாம் 22ஆம் அதிகாரத்தில், ஈசாக்கோடு மோரியா மலையில் நிற்கிறார். நடுவே பல ஆண்டுகள் ஓடிவிட்டன.

கேள்விகளும் வேறு. யூதரல்லாதவர் உள்ளே வர விருத்தசேதனம் வேண்டுமா என்ற வழக்கில் பவுல் வாதாடுகிறார். உள்ளே வந்துவிட்ட ஒருவர், உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாத சகோதரனை வெறும் வாழ்த்துச் சொல்லி அனுப்பினால் அது என்ன விசுவாசம் என்று யாக்கோபு கேட்கிறார். இருவரும் பேசும் 'கிரியை' என்றதும் சடங்கை நினைப்பது தமிழ்க் காது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற சைவ வரிசையைக் கேட்டுப் பழகியது அல்லவா? பவுலின் வழக்குக்கு அந்தப் பொருள் ஓரளவு ஒத்துவரும். யாக்கோபுக்கு ஒத்துவராது, அவர் கேட்பது சோறும் துணியும்.

இதனால் முடிச்செல்லாம் அவிழ்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ரோமர் 4இல் பவுல் சடங்கைத் தாண்டி, கூலிக்கும் கொடைக்கும் உள்ள வேறுபாட்டையே பேசுகிறார். அந்த இடம் கடினம்தான். 1965இல் தொடங்கிய அமெரிக்க லூத்தரன், கத்தோலிக்க உரையாடல் இந்தப் பொருளில் ஒரு பொது அறிக்கையை எட்ட 1983 வரை ஆனது. உலக அளவிலான கூட்டுப் பிரகடனம் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்தானது. மீட்பு அருளால் வருவது, நம் தகுதியால் அல்ல. நற்செயல் அதன் கனி. இதுவே அந்தப் பிரகடனத்தின் சாரம். 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள்.

இன்னொரு செய்தி, பலர் கவனிக்காதது. மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் இருந்த சபைகள் தந்த காணிக்கையை எருசலேமின் ஏழைகளுக்குக் கொண்டுபோவதாக, அதே ரோமர் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். எருசலேம் சபையில் அப்போது தலைமை வகித்தவர், மரபு யாக்கோபு நிருபத்துக்கு ஆசிரியராகச் சொல்லும் அதே யாக்கோபு. பவுல் அங்கே போய் அவரைச் சந்தித்ததை அப்போஸ்தலர் 21ஆம் அதிகாரம் சொல்கிறது.

அடுத்த வகுப்பில் அண்ணாச்சியும் அக்காவும் ரோமர் 15ஐயும் அப்போஸ்தலர் 21ஐயும் சேர்த்தே வாசிக்கட்டும்.